கவுண்டரில் கிசுகிசுக்கும் தம்பிகளும் பத்து நிமிடப் பயிற்சி விற்கும் புண்ணியவான்களும்

“மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பக்கவிளைவு இல்லவே இல்லை. தினமும் பத்து நிமிஷம் இந்தப் பயிற்சி, மூணே மாசத்தில் ரெண்டு இன்ச்!” ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்து சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தால் கைபேசியில், ஆணுறுப்பை நீளமாக்கித் தருகிறேன் என்கிற இந்தக் குரல்தான். தள்ளிவிட்டால் அடுத்ததிலும் அதே குரல், வேறு சட்டை. மருந்துக் கடைக்காரன் என்பதால் எனக்கு மட்டும் வருகிறதோ என்று பார்த்தால் என் மச்சானுக்கும் வருகிறது, கடைப் பையனுக்கும் வருகிறது. ஆண் பெயரில் ஒரு கணக்கு இருந்தால் போதும் போல.

வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவன் கடைசியில் வந்து நிற்பது என் கவுண்டரில்தான்.

எப்படி வருவான் தெரியுமா? கடையில் பெண்கள் யாராவது நின்றால் எதிர்ப்பக்கம் டீக்கடையில் காத்திருப்பான். எல்லாரும் போன பிறகு வந்து முதலில் ஒரு பாரசிட்டமால் அட்டை வாங்குவான். சில்லறை கொடுக்கும்போது குரலை இறக்கி, “அண்ணே, ரத்தக்கட்டுக்கு ஏதாவது ஆயின்ட்மென்ட்...” என்பான். எங்கே அடி என்று கேட்டால் கால் என்பான். காலில் எங்கே என்றால் பதில் வராது. நான்தான் கேட்க வேண்டும்: “தம்பி, வீடியோ பார்த்து ஏதாவது பண்ணினியா?” அப்புறம்தான் எல்லாம் வெளியே வரும். கன்றிப் போயிருக்கிறது, தோலில் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி, நுனியில் மரத்துப்போன உணர்ச்சி. ஒருவன் “முன்னாடி நல்லாத்தான்ணே இருந்துச்சு, இப்போ எழும்பவே மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுக் கண் கலங்கி நின்றான். இருபத்து சொச்சம் வயசு. நல்லாத்தான் இருந்தது என்று அவனே சொல்கிறான். பிறகு எதற்கப்பா அதை நோண்டினாய்?

இந்த விவகாரத்துக்கு ஜெல்கிங் என்று பெயர். பாதி விறைப்பில் இருக்கும் உறுப்பை அடியிலிருந்து நுனிவரை விரல்களால் இறுக்கிப் பிடித்துத் திரும்பத் திரும்ப வழிப்பது. ஆயிரம் வருடத்து அரபு ரகசியம் என்பான் ஒருவன், சித்தர்கள் சொன்னது என்பான் இன்னொருவன். யார் சொல்லியிருந்தாலும் உடம்பு கேட்க வேண்டுமே! ஜிம்முக்குப் போனால் கை பெருக்கிறது, அதுபோல இதுவும் பெருக்கும் என்பதுதான் இவர்கள் வாதம். கையில் பைசெப்ஸ் இருக்கிறது, எடை தூக்கினால் பெருக்கும். ஆணுறுப்பின் தண்டுப் பகுதியில் அப்படிப் பயிற்சி கொடுத்து வளர்க்கிற தசை கிடையாது. உள்ளே இருப்பது ரத்தத்தை வாங்கி நிரப்பிக்கொள்ளும் இரண்டு குழாய்கள், அவற்றுக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இன்னொன்று. அந்த இரண்டு குழாய்களையும் சுற்றி ஒரு நார் உறை. அவ்வளவுதான் சரக்கு.

அந்த உறையைப் பற்றி ஒரு வீடியோவிலாவது ஒரு வார்த்தை சொல்கிறானா? சாதாரண நிலையில் அது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். விறைக்கும்போது இழுபட்டு அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று மெலிந்துவிடும். அந்த மெலிந்த உறையைத்தான் இவர்கள் தினமும் பத்து நிமிடம் பிழியச் சொல்கிறார்கள். நுண்ணிய கிழிசல் விழும். விழட்டும், அது ஆறும்போது பெரிதாக வளரும் என்று ஒரு தத்துவம் வேறு! கிழிந்த நார் உறை தழும்பாக ஆறும். தழும்பு நீளாது, சுருங்கும். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீள மறுத்தால் உறுப்பு வளையும். விறைத்தால் வலிக்கும், தொட்டால் உள்ளே கட்டி மாதிரி தட்டுப்படும். இதற்குப் பெய்ரோனி நோய் என்று பெயர். 1743-இல் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெய்ரோனியின் பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது. வளைவு அதிகமானால் ஊசி, அறுவை சிகிச்சை என்று போக வேண்டும். அறுவை முடிந்தால் பல நேரம் நீளம் இன்னும் கொஞ்சம் குறைந்துதான் போகும். ரெண்டு இன்ச் கூட்டப் போனவன் இருந்ததிலும் கொஞ்சம் இழந்துவிட்டு வருகிறான்.

“ஆனா அண்ணே, எனக்கு நெஜமாவே வித்தியாசம் தெரிஞ்சுது” என்று சொல்பவர்கள் உண்டு. தெரியும் தம்பி, தெரியாமல் எப்படி? பத்து நிமிடம் எதைப் பிசைந்தாலும் வீங்கும். வீக்கத்தை அளந்துவிட்டு வளர்ச்சி என்கிறாய். குளிருக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு, ஸ்கேலை எலும்புவரை அழுத்தி வைத்தால் ஒரு அளவு, மேலோட்டமாக வைத்தால் ஒரு அளவு. முன், பின் என்று போடுகிறானே படம், அதில் கேமரா கோணம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். தொப்பை வேறு இருக்கிறது. அடிவயிற்றுக் கொழுப்புக்குள் ஒரு பகுதி புதைந்துபோய் இருப்பதை யாரும் சொல்வதில்லை. தொப்பையைக் குறை என்று சொன்னால் காசு வராதே!

இதைவிட மோசம், முழு விறைப்பில் வளைத்துப் பழக்கச் சொல்கிறவர்கள். ஈரானின் மேற்கில் கெர்மான்ஷா என்று ஒரு ஊர். அங்கே விறைத்த உறுப்பைக் கையால் அழுத்தி ‘டக்’ என்று சொடுக்கு எடுப்பதுபோல் வளைக்கிற பழக்கம் இளைஞர்களிடம் இருந்தது. தகாந்தன் என்பார்கள். அந்த ஊர் மருத்துவமனைக்கு உறுப்பு முறிவோடு வந்தவர்களின் எண்ணிக்கை உலக அளவில் பேசப்படும் அளவுக்குப் போனது. ஆமாம், எலும்பு இல்லாத உறுப்பும் முறியும். முறிவது அந்த நார் உறைதான். சத்தம் கேட்கும், உடனே விறைப்பு அடங்கும், சற்று நேரத்தில் கறுத்து ஊதா நிறமாக வீங்கிக் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடும். கேலி இல்லை, மருத்துவப் புத்தகமே கத்தரிக்காயின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறது. அப்போது ஆயின்ட்மென்ட் தேடி என்னிடம் வரக்கூடாது, நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. சீக்கிரம் தைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெட்கப்பட்டு நாலு நாள் வீட்டில் படுத்தால் வளைவும் குறைவும் நிரந்தரமாகிவிடலாம்.

பம்ப் விற்பவன் தனிக் கும்பல். காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் ரத்தத்தை இழுக்கும் வாக்குவம் கருவி என்பது உண்மையான மருத்துவ உபகரணம்தான், நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1982-லேயே அனுமதி பெற்றது, விறைப்பு வராதவர்களுக்காக. அதோடு வரும் வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது என்பது விதி. இங்கே ஆன்லைனில் வரும் சரக்கில் அழுத்த அளவு காட்டும் கடிகாரமும் இல்லை, விதி எழுதிய காகிதமும் இல்லை. மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வில் நீளம் கூடவும் இல்லை. எடை கட்டித் தொங்கவிடுவது, இரும்பு வளையம் மாட்டிக்கொள்வது எல்லாம் இன்னும் பயங்கரம். மாட்டிய வளையம் வீக்கத்தில் கழற்ற வராமல், கடைசியில் உலோகம் வெட்டும் கருவி கொண்டுவந்து அறுத்து எடுத்த கதைகள் அவசரப் பிரிவுகளில் ஏராளம்.

சரி, நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். இழுவைக் கருவி என்று ஒன்று இருக்கிறது. பெய்ரோனி நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. அதையும் தினமும் பல மணி நேரம், மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு சென்டிமீட்டர். சென்டிமீட்டர் தம்பி, இன்ச் இல்லை.

இவ்வளவு பாடும் எதற்காக? எட்டு இன்ச் இல்லாதவன் ஆம்பளையே இல்லை என்று யாரோ நம்ப வைத்ததற்காக. அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? பக்கத்தில் கேரளத்தில் 301 ஆண்களை அளந்த ஆய்வு 2007-இல் வந்தது. அவர்களில் விறைத்த நிலையில் அளக்கப்பட்டவர்களின் சராசரி 13 சென்டிமீட்டர். 2015-இல் லண்டனில் இருந்து, பல நாடுகளில் 15,521 ஆண்களை அளந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் 13.12. ஐந்து இன்ச்சைத் தாண்டிக் கொஞ்சம். ஆக, ‘சின்னது’ என்று என்னிடம் வந்து புலம்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நடுவாந்திரத்தில்தான் நிற்கிறார்கள். ஆபாசப் படத்தில் வருகிறவனை அவன் உயரத்துக்காகவா தேர்ந்தெடுத்தார்கள்? போதாக்குறைக்குத் தன்னுடையதை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், அது குறைவாகத்தான் தெரியும்.

பெண்களைக் கேட்டீர்களா என்றால், அதையும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 52,000 பேருக்கு மேல் பதில் சொன்ன ஒரு கணக்கெடுப்பு 2006-இல் வெளியானது. துணைவரின் அளவில் திருப்தி என்றவர்கள் 85 சதவீதப் பெண்கள். தன் அளவில் திருப்தி என்ற ஆண்கள் 55 சதவீதம். நம் ஊரில் அப்படி யாரும் வாய்விட்டுக் கேட்கப் போவதில்லை. மனைவியிடம் கேட்காமல் பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டால் அது வேறென்ன பதில் சொல்லும்?

அந்த ஸ்டிக்கர் கும்பலைச் சொன்னேன் இல்லையா, அவர்களின் வாரிசுகள்தான் இந்த வீடியோக்காரர்கள். அப்போது லாட்ஜ் அறை எண் போட்டு, மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கம், சிறுத்துப் போதல் என்று பயமுறுத்தி லேகியம் விற்றார்கள். சாலையோரத்தில் உடும்பு எண்ணெய் விற்றார்கள். உடும்பு வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற பிராணி. இதற்கெல்லாம் 1954-லேயே ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் போட்டாயிற்று. பாலுறவுத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்தால் முதல் முறைக்கே ஆறு மாதம்வரை சிறை. மருந்து விதிகளின் அட்டவணை ஜே இன்னும் ஒரு படி மேலே. ஆணுறுப்பின் அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. பிள்ளைகளை உயரமாக்குவதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரிப் புளுகு என்பதால்.

இப்போது இவன்கள் எடுத்திருக்கும் சாமர்த்தியம் என்ன தெரியுமா? மருந்தே விற்பதில்லை. பயிற்சி வகுப்பு, 499 ரூபாய்க்கு பிடிஎஃப், ஆலோசனைக்கு வாட்ஸ்அப் எண். மருந்து என்றால்தானே சட்டம் வரும்! மாத்திரை விற்கிற நான் ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்கு வைக்க வேண்டும், காலாவதி பார்க்க வேண்டும், ஆய்வாளர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். ஒருவன் கேமராவைப் பார்த்து, உன் உறுப்பைப் பிழி என்று லட்சம் பேருக்குச் சொல்லலாம், அதைக் கேட்க நாதி இல்லை. காயம் பட்டவனும் புகார் கொடுக்க மாட்டான். காவல் நிலையத்தில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பான்? அந்த வெட்கத்தின் மேல்தான் இவன்கள் வீடு கட்டுகிறார்கள்.

சிலர் கெகல் பயிற்சியையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது வேறு. 1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்காகச் சொன்னது. இடுப்படித் தசைகளைச் சுருக்கி விடுவது. அங்கே நிஜமாகவே தசை இருக்கிறது, அதனால் பலனும் இருக்கிறது. பிரிட்டனில் விறைப்புக் குறைபாடுள்ள 55 ஆண்களை வைத்துப் பார்த்தபோது 40 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இயல்புக்குத் திரும்பினார்கள். நீளம் அதில் ஒரு மில்லிமீட்டரும் கூடாது, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. அதையும் வெறி பிடித்ததுபோல் நாள் முழுக்கச் செய்தால் இடுப்படி இறுகி வலிதான் மிஞ்சும்.

எனக்கு வயிறு எரிவது இன்னொரு விஷயத்துக்கு. நாற்பதைத் தாண்டியவர்கள் இந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்கும்போது முக்கால்வாசி நேரம் அவர்கள் பிரச்சினை அளவே இல்லை. விறைப்பு குறைந்திருக்கிறது, அதை அளவுக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை பார்த்தீர்களா என்றால், அதெல்லாம் எனக்கு இல்லை என்பார்கள், பார்க்காமலேயே. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது. அடைப்பு முதலில் இங்கேதான் தெரியும், நெஞ்சுவலி பின்னால் வரும். அந்த எச்சரிக்கை மணி அடிக்கும்போது ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் உட்கார்ந்து பிழிந்துகொண்டிருந்தால் என்ன சொல்வது? இன்னும் சிலர் மூலிகை மாத்திரை என்று எதையோ வாங்கி விழுங்குகிறார்கள். பக்கவிளைவே இல்லாத மூலிகைக்குள், வயாகராவில் இருக்கும் சில்டெனாபில் மருந்து கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கி ஆளே போய்விடலாம்.

அதனால் தம்பிகளே, அண்ணன்மார்களே, என் கவுண்டரில் இதற்கு ஆயின்ட்மென்ட் கேட்காதீர்கள், தர மாட்டேன். பிழிவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மரத்துப்போனது, வலி, வளைவு, கட்டி, இதில் எது இருந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் யூராலஜி ஓபி இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காமல் நின்றால் ஓபிக்குக் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் அவசரப் பிரிவு. சீட்டுப் போடும் ஜன்னலில் கூட்டம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார், எல்லாம் எனக்கும் தெரியும். அங்கே “யூரின் பிரச்சினை” என்று சொன்னால் போதும், சீட்டு கொடுத்துவிடுவார்கள். உள்ளே போய் டாக்டரிடம் மட்டும் என்ன செய்தீர்கள், எத்தனை மாதமாகச் செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கால் வலி என்று ஆரம்பிக்காதீர்கள்.