டிரம்மெல் வந்ததால் அல்டிமா ஆன்லைன் சரியவில்லை

2000-ஆம் ஆண்டில், ஆட்டக்காரர்கள் விருப்பமில்லாதவரைத் தாக்க முடியாத டிரம்மெல் என்ற பாதுகாப்பான உலகைச் சேர்த்ததே அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டைக் கெடுத்தது என்று சிலர் கூறுவது காலவரிசைக்கே முரணானது. சந்தாதாரர் எண்ணிக்கை அதன் பிறகும் ஏறி, 2003-இல் சுமார் 2,50,000 என்ற உச்சத்தைத் தொட்டது. ஆட்டக்காரர்களுக்கு இடையிலான சண்டையும் நீக்கப்படவில்லை. ஃபெலூக்கா என்ற பழைய உலகில் அது தொடர்ந்தது. 1997 முதல் இருந்த சிக்கலோ வேறு: சுரங்கத்தில் தாது வெட்டிக்கொண்டிருந்த புதியவரை வீழ்த்தினால் அவர் சுமந்திருந்தவை ஏறக்குறைய எல்லாம் கொன்றவர் கைக்கு வந்தன (கொலைகாரர் என்று பெயர் சிவப்பாக மாறுவதைப் பலர் பெருமையாகவே கருதினர்), பறிகொடுத்தவரோ சலித்துப்போய் ஆட்டத்தையே விட்டு விலகினார். தெரிவு கிடைத்ததும் பெரும்பாலோர் டிரம்மெலுக்குக் குடிபெயர, எளிய இரை இல்லாத ஃபெலூக்கா வெறிச்சோடியது. சம பலம் கொண்டவரோடு மோதும் வாய்ப்பு அங்கே திறந்தே இருந்தும் அதற்காகப் பெருங்கூட்டம் திரும்பி வரவில்லை.