ழான்-குளோட் எலெனாவின் பச்சை மாங்காய்

சென்ட் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மில் பலர் முதலில் கேட்பது, "இது இயற்கையா, கெமிக்கலா?" என்றுதான். அந்தக் கேள்வியை வைத்து, சென்ட் உருவாக்கும் கலைஞரான ஒரு பெர்ஃப்யூமரை எடைபோடவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பிரெஞ்சுப் பெர்ஃப்யூமர் ழான்-குளோட் எலெனாவைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1947இல் பிரான்சில் கிராஸ் நகரில் பிறந்தவர். மல்லிகையும் ரோஜாவும் விளைகிற, வாசனைத் தொழிலால் பிழைத்த ஊர். அப்பாவும் பெர்ஃப்யூமர். பதினாறு வயதிலேயே தொழிற்சாலை வேலை, 1968இல் ஜெனீவாவில் ஜிவோதான் என்ற வாசனை நிறுவனத்தின் பள்ளி, 1976இல் 'ஃபர்ஸ்ட்' என்ற சென்ட். முப்பது வயதுக்குள் பெரிய பெயர்.

'ஃபர்ஸ்ட்' பூவுக்கு மேல் பூவாக அடுக்கிய செழிப்பான வாசனை. அப்புறம் அவர் போனது நேர் எதிர்த்திசையில். பெர்ஃப்யூமர்களின் அலமாரியில் ஆயிரத்துக்கும் மேல் மூலப்பொருட்கள் இருக்கும். எலெனா கழித்துக் கழித்து, இருநூறுக்கும் குறைவாகக் கொண்டுவந்தார். சாக்லேட் மணம் வேண்டுமா? ஒரு காகிதப் பட்டையில் வனிலா மணம் தரும் வனிலின், இன்னொன்றில் ஐசோபியூட்டில் பீனைல் அசிட்டேட் என்ற வேதிப்பொருள். இரண்டையும் சேர்த்து மூக்கருகே ஆட்டினால் போதும். நிஜக் கோகோவில் நூற்றுக்கணக்கான மணக்கூறுகள் இருக்கின்றன. மூக்குக்கோ இந்த இரண்டே போதுமானதாக இருக்கிறது. எதை விட்டாலும் மணம் நிற்கும், எதை விட்டால் சரியும் என்று அறிவதுதான் அவருடைய வித்தை.

ஹெர்மேஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனத்துக்காக நைல் நதியை வாசனையாக்க எகிப்தின் அஸ்வானுக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்து நிறுத்தியது மரத்தில் தொங்கிய பச்சை மாங்காய். காம்பை ஒடித்ததும் பால் வடிய எழும் அந்தப் புளிப்பும் பிசினும் கலந்த மணம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாங்காயைப் பிழிந்து அதைக் குப்பியில் அடைக்க வழியில்லை. கிரேப்ஃப்ரூட், காரட் சாயல்களையெல்லாம் இணைத்து அந்த மாங்காயை அவர் உருவாக்கினார். 2005இல் அந்த சென்ட் வந்தது. மாங்காய் இல்லாத மாங்காய்! இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஓவியத்தில் இருக்கும் மாம்பழத்தைக் கடிக்க முடியவில்லை என்று யாரும் குறைப்படுவதில்லையே.

2008இல் வாசனையாக்கக் கேரளத்து மழைக்காலத்தை எடுத்துக்கொண்டார். இந்தியா என்றதும் வெளிநாட்டார் எட்டிப் பிடிக்கிற சந்தனம், ஊதுபத்தி வாசனையை முன்னால் நிறுத்தவில்லை. இஞ்சி, ஏலக்காய், மிளகு, நனைந்த பச்சை. ஒரு நிலத்துக்கு வெளியாள் ஒருவர் காட்டக்கூடிய பெரிய மரியாதையாக இதை நினைக்கிறேன்.

தண்ணீராக இருக்கிறது, நிற்கவில்லை என்று அவர்மேல் குறை சொல்பவர்கள் உண்டு. அறை முழுக்க நிறைய வேண்டும் என்று சென்ட் வாங்குபவர்களுக்கு அது குறைதான். எனக்கு அந்த மென்மைதான் வேண்டும். பக்கத்தில் வருபவருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு வாசனை பேசினால் என்ன தவறு?

2016இல் ஹெர்மேஸின் பெர்ஃப்யூமராக அவர் இடத்துக்கு கிறிஸ்டீன் நாஜெல் வந்தார். எலெனா ஓய்ந்துவிடவில்லை. 2019இல், எழுபது கடந்த வயதில், ஃபிரெடெரிக் மால் நிறுவனத்துக்காக 'ரோஸ் அண்ட் குய்ர்' செய்தார். 'குய்ர்' என்றால் பிரெஞ்சில் தோல்; பெயரில் ரோஜாவும் தோலும். ரோஜாவை ஜெரேனியம் என்ற செடியின் மணத்தாலும், தோலை ஐசோபியூட்டில் குயினோலின் என்ற வேதிப்பொருளாலும் வரவழைத்திருக்கிறார்.