மழைக்கு உத்தரவாதம் இல்லையாம்

ஏற்காட்டில் ஐப்பசி மாதம் மழை பெய்தது இயற்கைச் சீற்றமாம். அதனால் வந்த சேதம் உத்தரவாதத்தில் சேராதாம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும் ஊரில், எங்கள் நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் பதித்துக் கொடுத்த ஒப்பந்ததாரர் தொலைபேசியில் என்னிடம் இதைச் சொன்னார். அப்போது கோபத்தில் எனக்கு வாய் எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தபின், பழைய காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மூன்று அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். பின்புறம் மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணையே சரிவுப் பக்கம் கொட்டிச் சமன்செய்து, சிறிய குளம் ஒன்றைக் கட்டினோம். சுற்றிலும் செம்மண். குளித்து ஏறுகிறவர் நாலடி நடந்துவிட்டு மறுபடியும் குதித்தால் தண்ணீர் கலங்கிவிடும். அருகம்புல் வைத்துப் பார்த்தோம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அது பிடிக்கவில்லை. ஆகவே செயற்கைப் புல் என்பது வெறும் ஆடம்பரத்துக்காக எடுத்த முடிவு அன்று. படத்தில் பச்சைப் பசேலென்று தெரியும் என்ற சபலமும் கொஞ்சம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

வந்தவர் நாடாவைப் பிடித்துச் சதுர அடியை அளந்தார்; எத்தனை மில்லிமீட்டர் உயரப் புல் வேண்டும் என்று கேட்டார்; 35 என்றேன். அவ்வளவுதான் ஆய்வு. மேட்டிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்கும், தரையில் எந்தப் பாதி வெட்டியது, எந்தப் பாதி கொட்டி நிரப்பியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திரையில் ஒரே நாளில் வேலை முடிந்தது. கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரிப்பதற்குக்கூட அதைவிடக் கூடுதலாக யோசிப்பார்கள்.

இந்த வேலையில் புல் என்பது கடைசி அரை நாள் சமாச்சாரம். அதற்கு முன்னால், கொட்டிய மண்ணை அடுக்கடுக்காக நனைத்து இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் மண்ணையும் ஜல்லியையும் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியைப் போட்டு, மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லி பரப்பி, கல் உடைக்கும்போது கிடைக்கும் கிரஷர் தூளைத் தூவி மறுபடியும் இறுக்க வேண்டும். குளத்தை விட்டு விலகித் தண்ணீர் ஓடும்படி நூறு அடிக்கு ஓரடி, இரண்டடியாவது வாட்டம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டின் அடியிலேயே துளைக் குழாய் பதித்த ஒரு வடிகால் வெட்டி, மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் குளத்தை நெருங்கும் முன்பே அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். ஜல்லியை லாரியில் மலையேற்றினால் செலவும் கூடவே ஏறும் என்பது எனக்கும் தெரியும். அந்தச் செலவைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், அல்லது வேண்டாம் என்றிருப்பேன். அவரோ மண்வெட்டியால் செம்மண்ணை நிரவி, களை முளைக்காது என்று சொல்லிக் கறுப்பு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் புல்லைப் பரப்பிவிட்டார். புல் விரிப்பின் அடிப்பாகத்தில் தண்ணீர் வடிவதற்கென்றே வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளுக்குக் கீழே பிளாஸ்டிக் தாளா?

சிக்கனமும் கைவரிசையைக் காட்டியது. சுருள் ஒன்று 2 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். எஞ்சிய துண்டை வீணாக்காமல் இருக்க, அதைத் திருப்பிப் போட்டு ஒட்டினார். புல்லிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது அரிச்சுவடி. திருப்பிப் போட்ட பட்டை வேறு பச்சையாக, சட்டையில் போட்ட ஒட்டுப்போலத் தனித்துத் தெரிந்தது. "போகப் போகப் படிஞ்சிடும் சார்" என்றார்.

ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்ததும் மேட்டுத் தண்ணீர் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் புகுந்து செம்மண்ணை அரித்துக்கொண்டு நேராகக் குளத்தில் இறங்கியது. மேலே பெய்த மழையோ வடிய வழியில்லாமல் தாளின்மேல் தேங்கி, புல்லிழைகள் நிமிர்ந்து நிற்பதற்காகத் தூவியிருந்த சிலிகா மணலை அள்ளிக்கொண்டு அதே குளத்தில் விழுந்தது. குளம் பால் ஊற்றாத தேநீராயிற்று, வடிகட்டி அடைத்துக்கொண்டது. கொட்டிய மண் இறங்கியதில், வெட்டிய தரையும் நிரப்பிய தரையும் சேரும் கோட்டில் அமைந்திருந்த புல் பட்டைகளின் ஒட்டு பிளந்தது. அதில் ஒரு பெரியவரின் கால் கணுக்கால் வரை புதைந்தது. நல்லவேளையாக அவர் விழவில்லை. ஆனாலும் அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டது நான்தான், ஒப்பந்ததாரர் அல்லர்.

செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றது 1966இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கில். கூரை போட்ட அரங்கு அது. மழையும் இல்லை, சரிவும் இல்லை. அங்கிருந்து ஐயாயிரம் அடி உயர மலைக்கு அதைக் கொண்டு வருகிறவர் நடுவில் சிலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டாமா? ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அதைத் தாங்கும் இழையா என்று நான் கேட்டதற்கு, "ஊட்டியிலேயே போட்டிருக்கோம்" என்பதுதான் பதில். குளிர்ந்த ஊர்தானே என்று நம்பினால், சித்திரை உச்சிவெயிலில் அந்தப் பிளாஸ்டிக் பாதத்தைச் சுட்டது. நிழல் பக்கமோ சில்வர் ஓக் இலைகள் இழைகளுக்குள் சிக்கி, பெருக்கினாலும் வராமல் ஈரத்தில் மட்கின.

இப்போது அந்தச் சுருள் சமையலறைக்குப் பின்னால் கிடக்கிறது. எங்கள் நாய் அதன்மேல் படுத்துக்கொள்கிறது. போன வாரம் இன்னொருவரை வரவழைத்தேன். வந்ததும் நாடாவை எடுத்தார். "எத்தனை மில்லிமீட்டர் போடலாம் சார்?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசாமல் அவர் தோளைத் திருப்பி, பின்னால் எழும்பி நின்ற மேட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வியூ அருமையா இருக்கு சார்" என்றார்.