இடிந்த கப்பல்துறைச் சுவர்களுக்கும் இடம் தந்திருக்கலாம்

1992 ஜூலையில், 37 வயதில், எய்ட்ஸால் இறந்த ஓவியர் டேவிட் வொய்னரோவிச்சுக்கு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2018இல் நடத்திய பின்னோக்குக் கண்காட்சியை, அதாவது வாழ்நாள் படைப்புகளின் தொகுப்புக் காட்சியைப் பற்றிய கட்டுரை ஒன்றை ராயபுரத்திலிருந்து படித்தேன். எரியும் வீட்டின் உருவத்தை வெட்டுத்தகடு வைத்து அவர் பதித்த ஸ்டென்சில் ஓவியங்களுக்கு ஒதுக்கிய பத்திகளில் ஒன்றையாவது, ஹட்சன் ஆற்றங்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த கப்பல்துறைக் கொட்டகைகளுக்குக் கட்டுரையாளர் தந்திருக்கலாம். 1983 வாக்கில் வொய்னரோவிச்சும் நண்பர்களும் எவரிடமும் அனுமதி கேளாமல் அச்சுவர்களில் வரைந்தார்கள். பின்னர் கொட்டகைகள் இடிக்கப்பட்டபோது ஓவியங்களும் போயின, புகைப்படங்களே மிஞ்சின. நல்ல சுவரோவியமும் அடுத்த தேர்தல் வந்தால் வெள்ளையடிப்பில் மறைந்துவிடும் என்பதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் பகுதிக்காரர்களுக்கு, விற்கவோ சட்டகமிடவோ முடியாத அந்தச் சுவரோவியங்கள்தான் அவர் கலையின் மையமாகத் தெரியும். (அருங்காட்சியகங்களுக்கு அது சற்றுச் சங்கடம்தான்.)

கட்டுரையில் அவர் நோயைப் பற்றிய பத்தி இரக்கத்தோடு நின்றுவிடுகிறது. 1987இல் தம் நெருங்கிய நண்பர் பீட்டர் ஹூஜர் எய்ட்ஸால் இறந்தவுடன் அவருடைய முகத்தையும் கையையும் பாதங்களையும் படமெடுத்தவர், மறு ஆண்டே, தாம் இறந்தால் உடலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசற்படியில் போட்டுவிடுங்கள் என்று எழுதிய மேலங்கியை அணிந்து போராடியவர், பரிதாபத்துக்குரியவர் மட்டுமல்லர். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியால் 1986இல் கண்டறியப்பட்டது இதே சென்னையில். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியதோ 2004 ஏப்ரலில். அந்த இடைவெளியில் இறந்த நம் பேனர் ஓவியர்களையோ கானா பாடகர்களையோ நினைவுகூர இங்கே யாராவது கண்காட்சி வைக்க முன்வந்தால், நோயின் பெயரைச் சுவரில் எழுத எத்தனை குடும்பங்கள் சம்மதிக்கும் என்பதையும் கட்டுரையாளர் ஒருமுறை விசாரித்து எழுத வேண்டும்.