பேய் யாரென்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், இன்னும் பார்க்காதவர்களுக்கு நானும் அதே துரோகத்தைச் செய்தவனாகிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை வந்த பேய்ப் படம். அவ்வளவு போதும்.

இரவு 10.47. பேய்ப் படங்களைப் பற்றி நான் இணையத்தில் நடத்தும் லைவில் 214 பேர். சாட்டில் வந்து விழுந்தது நான்கே நான்கு சொல். பேய் யார் என்பது அதில் இருந்தது. முன்னால் ஒரு வணக்கம் கிடையாது, பின்னால் ஒரு கேள்வி கிடையாது. கதவைத் திறந்து குப்பையைக் கொட்டிவிட்டுப் போவதுபோல் கொட்டிவிட்டுப் போனான்.

என் லைவுக்கு வருகிறவர்களுக்கு ஏற்பாடு தெரியும். ஈவினிங் ஷோ முடிந்து ஆட்கள் வீடு சேரும் பத்து மணிக்குத் தொடங்குவேன். அதிலிருந்து ஒரு மணி வரை கதையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஒலி எப்படி இருந்தது, இருட்டை எப்படிப் படம்பிடித்திருக்கிறார்கள், எந்த தியேட்டரில் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, குழந்தையோடு போகலாமா, இதெல்லாம் பேசலாம். செகண்ட் ஷோ பார்த்தவர்களும் வந்து சேர்ந்தபின், ஒன்றேகால் மணிக்குமேல் கதையை உடைத்துப் பேசுவோம். பார்க்காதவர்கள் அதற்குமுன் கிளம்பிவிடலாம். ஸ்கிரீனில் மூலையில் சிவப்பில் எழுதியிருக்கும். அரைமணிக்கு ஒருமுறை வாயாலும் சொல்வேன். இதைவிட என்ன செய்ய வேண்டும்?

அந்த நேரத்தில் திருப்பூர்த் தம்பி லைவில் இருந்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு லீவு. ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து இரண்டு மாதமாக இந்தப் படத்தைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டிருந்தான். டிக்கெட் போட்டாயிற்று, கூட இரண்டு பேர். பத்தரைக்கு எழுதியிருந்தான்: "அண்ணா ஞாயித்துக்கிழமை போறோமுங்க, கதைய மட்டும் சொல்லிப்போடாதீங்க." சொல்லமாட்டேன் தம்பி, நிம்மதியாக இரு என்று பெயர் சொல்லி வாக்குக் கொடுத்தேன். கொடுத்து 17 நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தச் சில விநாடிகளை நான் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சாட் படிக்கும் போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தேன். மைக்கில் சத்தம் ஏறும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தேன். டியூப் லைட்டில் சிவப்பு செல்லோஃபேன் சுற்றியிருந்தது. வியர்வையைத் துடைக்கத் துண்டை எடுக்கும்போது போனில் கண் போனது. படித்தேன். ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கை தானாகப் போய் அந்த வரியை அழுத்தி அழித்தது. ஐந்தாறு விநாடிதான் இருந்திருக்கும். பலர் பார்த்திருக்க மாட்டார்கள், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தப்பிக்கவில்லை. சாட் உடனே போய்ச் சேரும், வீடியோ தாமதமாகத்தான் போய்ச் சேரும். அன்றைக்கு என் இணைப்பில் பத்து விநாடிக்கு மேலேயே பின்தங்கியிருந்தது. அந்த வரியைப் படித்து, "யாரோ சும்மா கிளப்பிவிடுகிறான்" என்று நம்பாமல் இருந்தவர்களுக்கு, பத்து விநாடி கழித்து என் முகம் போய்ச் சேர்ந்தது. துண்டோடு உறைந்துபோன முகம். மஸ்கட்டிலிருந்து எப்போதும் வரும் அக்கா மறுநாள் மெசேஜ் போட்டிருந்தார்: "தம்பி, நான் முதல்ல நம்பல. உன் மூஞ்சி போன போக்கப் பாத்ததும்தான் உண்மைன்னு தெரிஞ்சிது." இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொன்ன பொய்யோ உண்மையோ, அதற்குக் கையெழுத்துப் போட்டது என் முகம்.

அத்தோடு விட்டானா? ப்ளாக் செய்தேன். 10.49-க்கு வேறு பெயரில் வந்தான். இந்த முறை எழுத்துக்கு எழுத்து நடுவே புள்ளி வைத்து அதே நான்கு சொல். அதையும் அழித்தேன். சாட்டைக் காவல் காக்கும் மாடரேட்டர் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு பேர் உதவிக்கு இருக்கிறார்கள். ஒருவர் அதே படத்துக்கு செகண்ட் ஷோ போயிருந்தார், போன் சைலன்ட்டில். இன்னொருவர் வீட்டில் காய்ச்சலில் கிடந்தார். இருவர்மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. காசு வாங்காமல் தூக்கம் கெட்டு எனக்காக உட்காருகிறவர்கள்.

10.53. மூன்றாவது முறை அவன் காசு கட்டி வந்தான். 100 ரூபாய். காசு கட்டிய செய்தி பச்சை நிறத்தில் பட்டையாகச் சாட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களின் பேச்சு எல்லாம் கீழே ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் கொஞ்ச நேரம் நகராது, தொட்டால் செய்தி திறக்கும். 214 பேரில் யார் தொட்டாலும் கண்ணில் படும்படி அங்கே நின்றது பேயின் பெயர்.

நூறு ரூபாய்! இன்னொருவனின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க ஒருவன் தன் கைக்காசை எடுத்து வைக்கிறான். அந்தக் காசுக்கு அவனே போய் இரண்டு டீயும் நாலு பஜ்ஜியும் சாப்பிட்டிருக்கலாம். தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக அதில் ஏறத்தாழ 70 ரூபாய் என் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்த வரியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் கை கூசுகிறது.

தடை செய்த சொற்களின் பட்டியல் போட்டு வைக்கலாமே என்று அறிவுரை சொல்ல வருவார்கள். போட்டிருந்தேன் ஐயா. அதற்காகவே காலை முதல் காட்சிக்குப் போய், இன்டர்வெலில் பாத்ரூம் வாசலில் நின்று டைப் செய்தேன். அறுபதுக்கு மேல் சொற்கள். ஆனால் நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது எந்தப் பட்டியல் நிற்கும்? உதாரணத்துக்கு "மாமியார்" என்று வைத்துக்கொள்ளுங்கள் (இந்தப் படத்தில் மாமியாரே கிடையாது, பயப்படாதீர்கள்). முதலில் ஒரு ஏ போடலாம், இரண்டு ஏ போடலாம். நடுவில் ஒய் போடலாம், விடலாம். கடைசியில் மறுபடி ஒரு ஏ, இரண்டு ஏ. முடிவில் ஒரு யூ ஒட்டலாம். இத்தனையையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரே சொல்லுக்குப் பதினாறு எழுத்துக்கூட்டு. நடுவில் புள்ளி, இடைவெளி, எண் என்று செருகினால் கணக்கே இல்லை. ஆங்கிலத்தில் லைவ் போடுகிறவர்கள் ஒரு சொல்லை ஒருமுறை தடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. தமிழில் பேய்ப் பட லைவ் போடுகிறவன் விடிய விடிய எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இதற்கு மேல் ஒரு கூட்டம் அவனுக்கு வக்காலத்து வாங்க வந்தது. "படம் பார்த்தவன் சொல்லத்தான் செய்வான்" என்றார் ஒருவர். "படமே மொக்கை, உங்க காசை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கார்" என்றார் இன்னொருவர். மொக்கையா இல்லையா என்பதைத் திருப்பூர்த் தம்பி தன் காசில் தானே போய்ப் பார்த்து முடிவு செய்வான். சண்டைப் படத்தில் ஹீரோ ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் போகிறோம். பேய்ப் படத்தில் டிக்கெட் காசு கொடுப்பதே தெரியாமல் இருப்பதற்குத்தான். கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்தவனுக்குக் கதவு வெறும் கதவு. அப்புறம் அவன் எதற்காக இருட்டில் உட்கார வேண்டும்?

1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கியபின் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று அதை இயக்கிய ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கண்டிஷன் போட்டார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்த்தவர்களிடமும் கேட்டுக்கொண்டார். அவருக்கு தியேட்டர் வாசல் என்று ஒன்று இருந்தது, காவலுக்கு ஆள் நிறுத்த முடிந்தது. இன்றைக்கு வாசல் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கிடையாது. அமெரிக்காவில் பிரீமியர் போட்டால், நியூயார்க்கில் வியாழன் மாலை 6 மணி ஷோ தொடங்கும்போது நமக்கு வெள்ளி அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. நம் ஊரில் முதல் டிக்கெட் கிழிக்கப்படும்போது கிளைமாக்ஸ் போனில் வந்து காத்திருக்கும். சிலர் தியேட்டரிலேயே போனைத் தூக்கிப் பிடித்துக் கடைசிக் காட்சியை எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். 2023-ல் திருத்திய சட்டப்படி தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதச் சிறை, மூன்று லட்ச ரூபாய் அபராதம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் வைக்கிறவனுக்கு இது தெரியவும் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

அடுத்து தம்நெயில்காரர்கள், வீடியோவின் முகப்புப் படத்திலேயே கதையை உடைக்கிறவர்கள். வெள்ளி மத்தியானம் ஒரு மணிக்கே, பேயாக வருகிறவரின் முகத்தைப் போட்டு, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வேறு. வீடியோவைத் திறக்கவே வேண்டாம், விரலால் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கும் படம் போச்சு. "நீயும் முடிவு விளக்கம்னு போடு, அதுலதான் ஆள் வரும்" என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். வரும், தெரியும். படம் வந்த முதல் மூன்று நாள்தான் எல்லோரும் தேடுவார்கள், திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது, நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் என்பதும் தெரியும். தெரிந்தும் அதைச் செய்யாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 15-ல் 'தங்கலான்' வந்த அதே நாளில் 'டிமான்டி காலனி 2' வந்தது. ஊரே பெரிய படத்தைப் பேசிக்கொண்டிருக்க, பேய்ப் படம் பார்த்தவர்களுக்கு உட்கார்ந்து பேச இடம் வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் என் லைவில் முதல்முறையாக நூறு பேர் சேர்ந்தார்கள். அதுவரை பதினொரு பேர், பதினான்கு பேர். அப்போது வந்தவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள். ஏன் இருக்கிறார்கள்? இங்கே வந்தால் கதை உடையாது என்ற நம்பிக்கையில் இருக்கிறார்கள். நான் சேர்த்தது அந்த நம்பிக்கையை. சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை அதற்குப் பின்னால் தானாக வந்தது. அதில்தான் அவன் கையை வைத்தான்.

திருப்பூர்த் தம்பி என்ன செய்தான் தெரியுமா? திட்டவில்லை. அந்தப் பச்சைப் பட்டை மேலே நின்றுகொண்டிருக்கும்போதே அடியில் ஒரு வரி வந்தது. "சரிங்கண்ணா, நான் படுக்கறேனுங்க." அவ்வளவுதான், போய்விட்டான். இரண்டு மாதம் காத்திருந்த பையன். வாடா போடா என்று என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரவு கேட்டேன், படம் எப்படி என்று. "நல்லா இருந்துதுங்கண்ணா, கூட வந்தவனுக ரெண்டு பேரும் பயந்துட்டானுக" என்றான். கூட வந்தவர்கள் பயந்தார்களாம். அவர்கள் பயப்படுவதை இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எழுதும்போதே மறுபடி கொதிக்கிறது. யாரடா நீ? உனக்கு என்ன கிடைத்தது? நாளைக்கு நீ ஆசையாக எதிர்பார்த்த ஒரு படம் வரும்போது உன் காதில் வந்து எவனாவது ஓதிவிட்டுப் போனால் உனக்கு எப்படி இருக்கும்?

அடுத்த வாரத்திலிருந்து காசு கட்டும் வசதியை ஒரு மணி வரை மூடி வைக்கப்போகிறேன். மாடரேட்டராக இன்னும் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன். வருமானம் குறையும், குறையட்டும்.

ஆனால் ஒன்று. இதையெல்லாம் சமாளித்து, செல்லோஃபேனைச் சரிசெய்து, ஃபேனை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் மறுபடி பேசத் தொடங்கிய பதினொரு மணிக்கு, மாடி வீட்டு அக்கா கிரைண்டரைப் போட்டார். கடகடவென்று தலைக்குமேல் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே நேரம். அக்கா, உங்களுக்கு என்மேல் பாசம் உண்டு, இட்லி கொடுத்தனுப்புகிறீர்கள், எல்லாம் சரி. அந்த மாவைச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டக்கூடாதா?