பயமா மரியாதையா

பைபிள் சொல்ற தேவபயம், அதாவது கடவுளுக்குப் பயப்படுறது பத்தின உங்க கட்டுரைல, அது வெறும் மரியாதைதான்னு முடிச்சிட்டீங்க, எனக்கு அது கொஞ்சம் சப்புனு இருக்கு பிரதர். பழைய ஏற்பாட்டோட மூலமொழியான எபிரெயத்துல இதுக்குப் பெரும்பாலும் யிர்ஆன்ற வார்த்தைதான் வருது, நடுக்கம் பிரமிப்பு மரியாதை எல்லாம் அதுக்குள்ளயே கிடக்கு, நமக்கு வசதியானத மட்டும் உருவி எடுத்துக்க முடியாது.

கர்த்தருக்குப் பயப்படுறதே ஞானத்தோட ஆரம்பம்னு சொல்ற நீதிமொழிகள் 9:10 எல்லாரும் சொல்றதுதான், விடுங்க. எனக்குப் புரிஞ்சது லேவியராகமம் 19:14-ல. செவிடனை நிந்திக்காத, குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காத, உன் தேவனுக்குப் பயந்திருன்னு வருது. செவிடனுக்கு நீ திட்டுனது கேக்காது, குருடனுக்கு கல்ல வச்சது யாருன்னு தெரியாது, ரெண்டு பேராலயும் உன்னப் பிடிக்க முடியாது, அங்கதான் இந்த பயம் வேலை செய்யுது.

எங்கப்பா தாராவில சின்ன மளிகைக் கடை வச்சிருந்தாரு. கண்ணு தெரியாத மராத்திக்கார பெரியவர் ஒருத்தர் வருவாரு, நோட்டு எல்லாத்தையும் கவுண்டர்ல வச்சிட்டு நீயே எடுத்துக்கோம்பாரு. அப்பா மீதியை அவர் உள்ளங்கைல ஒவ்வொண்ணா வச்சு இது பத்து, இது அஞ்சுன்னு சத்தமா எண்ணுவாரு, க்யூல நிக்கிறவங்க கத்துனாலும் கண்டுக்க மாட்டாரு. எங்க அப்பாவுக்கு எபிரெயமெல்லாம் தெரியாது, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பாதி நேரம் தூங்குவாரு (அம்மா இடிப்பாங்க).

அப்புறம் நரகத்த காட்டி சின்னப் பசங்கள மிரட்டுறது வேற கதை, யாத்திராகமம் 20:20-ல மோசே ஒரே மூச்சுல பயப்படாதீங்கன்னும் சொல்றாரு, தேவபயம் இருக்கணும்னும் சொல்றாரு, அந்த ரெண்டு பயமும் ஒண்ணில்லைல? கட்டுரைல இந்த வசனத்த ஏன் தொடல?