நன்றியை எதிர்பார்த்து நாயை எடுக்காதீர்கள்

கவனிப்பாரில்லாமல் கிடந்து மீட்கப்பட்ட வயதான நாய்களைத் தத்தெடுத்தவர்களின் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அருகருகே இரண்டு படங்கள். ஒன்றில் எலும்பும் தோலுமாக, இன்னொன்றில் மெத்தைமேல் பளபளவென்று. கீழே தவறாமல் ஒரு வரி: "தன்னைக் காப்பாற்றியது யார் என்று அதற்குத் தெரியும்." லைக் அள்ளும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அந்த வரியை நம்பி நாயைக் கூட்டிப்போகிறவர்களில் சிலர்தான் கொஞ்ச நாளில் காப்பகத்துக்கே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். "இவ்வளவு செய்தும் என்னையே பார்த்து உறுமுகிறது" என்று புகார். நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்திலேயே கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம், அதனால் அந்த நன்றியை வட்டியோடு எதிர்பார்க்கிறோம். வருடக்கணக்கில் சங்கிலியில் கிடந்த நாய்க்கு உங்கள் வீடு இன்னொரு தெரியாத இடம். நீங்கள் இன்னொரு தெரியாத ஆள். அவ்வளவுதான்.

நாங்கள் தத்தெடுத்த ராணிக்கு எட்டு வயது இருக்கலாம் என்றார் டாக்டர். குட்டியாக இருந்தால் பல் முளைப்பதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். ஆறேழு மாதத்தில் நிரந்தரப் பற்கள் வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே ஊகம். ராணிக்கோ சங்கிலியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. கண்ணில் லேசான நீல மங்கல். அது புரை இல்லையாம். ஏழு வயதுக்கு மேல் பல நாய்களுக்குக் கண் லென்ஸ் கெட்டிப்பட்டு இப்படித் தெரியும், பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. இன்னொன்று, நாயின் ஒரு வருடம் நமக்கு ஏழு வருடம் என்ற கணக்கு சும்மா. 2020இல் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏ மாற்றங்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அதன்படி ஒரு வயது நாய் மனிதக் கணக்கில் 31ஐத் தொட்டுவிடுகிறது, பிறகு வேகம் குறைந்து எட்டு வயதில் 64 ஆகிறது.

பட்டினி கிடந்த நாய் வந்த அன்றே வயிறு முட்டப் போடுவதுதான் பாசம் என்று நினைக்கிறார்கள். அது உயிருக்கே உலை வைக்கும். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறும், மூச்சு திணறும். அதனால் டாக்டர் சொல்கிற அளவில், கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். நாய் கெஞ்சிப் பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சுலபமில்லை. ஆனால் வேறு வழியில்லை.

அப்புறம் அந்த உறுமல். ராணி சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் முதலில் கழுத்து விறைக்கும். தலை தட்டைவிட்டு நகராது, கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பும், வெள்ளை விழி பிறை போலத் தெரியும். மெல்லாமலேயே விழுங்க ஆரம்பிப்பாள். அதற்கும் பிறகுதான் உறுமல். இத்தனை அறிகுறிகளையும் விட்டுவிட்டு உறுமலுக்கு மட்டும் அதட்டுகிறவர்களை என்ன சொல்ல? உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடி விழும். தட்டைப் பிடுங்கி "நான்தான் எஜமான்" என்று காட்டுவது அதைவிட மோசம். நாங்கள் செய்ததெல்லாம், தள்ளி நடந்துபோகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவது. நாளாக நாளாக, காலடிச் சத்தம் கேட்டால் என்ன விழப்போகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.

எல்லாம் இப்படிச் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்கிற பருவம் சுமார் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தோடு முடிந்துவிடும். அந்தப் பருவத்தில் எதையும் பார்க்காமல் வளர்ந்த நாய்க்குப் பின்னால் எவ்வளவு பாசம் கொட்டினாலும் சில பயங்கள் போவதில்லை. ராணிக்குத் துடைப்பம். கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். யாரோ துடைப்பத்தால் அடித்திருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் கதை கட்டுவார்கள். இருக்கலாம், அல்லது அவள் வாழ்நாளில் துடைப்பத்தையே பார்க்காமலும் இருந்திருக்கலாம். அந்தக் கதை எங்களுக்குத் தேவைப்படவில்லை, அவள் இருக்கும்போது பெருக்குவதில்லை.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: பதற்றம் தணிய, வீட்டு ஒழுங்கு பிடிபட, தன் வீடு என்று தோன்ற. சங்கிலியில் கிடந்த நாய்க்கு அந்தக் கடைசி மூன்றை நான் ஆரம்பமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எடுக்காதீர்கள் என்கிறேனா என்றால் இல்லை. குட்டி என்பது லாட்டரிச் சீட்டு, எப்படி வளரும் என்று தெரியாது. வயதான நாய் எவ்வளவு பெரிது, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, பூனையைத் துரத்துமா என்பதெல்லாம் காப்பகத்தில் சில முறை போய்ப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். வயதான நாய்க்கு ஒன்றும் கற்றுக்கொடுக்க முடியாது என்பதும் பொய். எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று ராணி பிடித்துக்கொண்ட வேகத்தில் எந்தக் குட்டியும் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எடுப்பதற்கு முன் காப்பகத்தில் கேட்க வேண்டியது நாயின் சோகக் கதையை அல்ல, ரத்தப் பரிசோதனை முடிவை. உண்ணிக் காய்ச்சல் இருந்ததா, சிறுநீரகம் எப்படி, பல் எப்படி, இதயப்புழு இருக்கிறதா? இதயப்புழுவுக்குச் சிகிச்சை நடந்தால் மாதக்கணக்கில் ஓட்டம், குதியாட்டம் கூடாது. செத்த புழுக்கள் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறார்களா, மருந்துச் செலவு கட்டுப்படியாகுமா என்று உட்கார்ந்து யோசியுங்கள். கட்டுப்படியாகாது என்றால், நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று காப்பகத்தில் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் மருத்துவச் செலவை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள்.